ஒப்பீட்டுக் குழுவில் லில்லிக்குட்டி

லில்லிக்குட்டிக்கு உறக்கம் போய்விட்டது என்பது கோட்டயத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அவளாகச் சொல்லிப் பரவிய சேதி இல்லை. புருஷன் பேபிச்சன் பரப்பியது. அவருடைய கடைக்கு ரப்பர் ஷீட் கொண்டுவருகிறவர்களிடம் விலை பேசி முடித்த கையோடு, "எங்க வீட்டுக்காரிக்கு ராத்திரி கண்ணே மூடமாட்டேங்குது, என்ன செய்யலாம்?" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்டவர்கள் சும்மா போவார்களா? ஜாதிக்காயைப் பாலில் உரைத்துக் குடிக்கச் சொன்னார் ஒருவர். உள்ளங்காலில் எண்ணெய் தேய்க்கச் சொன்னார் இன்னொருவர். கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னவர் ஒரு ஆசாரி. சாயங்காலம் பேபிச்சன் இதையெல்லாம் சுமந்துகொண்டு வீடு வந்து மனைவியிடம் ஒப்பிப்பார். ஒப்பித்து முடித்ததும் கட்டிலில் சாய்வார். சாய்ந்ததுதான் தெரியும், குறட்டை கிளம்பிவிடும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், யோசனை சொல்வதுதான் லில்லிக்குட்டியின் பிழைப்பே. விலங்கியல் படித்துவிட்டு ஒரு மலையாள நாளிதழில் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்தவள் அவள். தவளையை அறுத்துப் படித்தவளுக்கு மனுஷ வியாதி பற்றி எழுத வராதா என்று அன்றைய ஆசிரியர் நலவாழ்வுப் பக்கத்தை அவள் தலையில் கட்டினார். அன்றிலிருந்து அது அவள் பக்கமாகவே ஆகிவிட்டது. சர்க்கரை, மூட்டுவலி, பிரஷர், மழைக்காலத்துக் காய்ச்சல் என்று முறைவைத்து எழுதுவாள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது 'நல்ல உறக்கத்துக்குப் பத்து வழிகள்' வந்துவிடும். சாயங்காலத்துக்குப் பிறகு சாயா வேண்டாம், படுக்கையில் ஃபோன் வேண்டாம், அறையை இருட்டாக வையுங்கள், இளஞ்சூட்டில் குளியுங்கள் என்று போகும் அந்தப் பட்டியல். கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருப்பதாகச் சொன்ன வாசகர்கள் உண்டு.

கர்ப்பப்பையை எடுத்த பிறகுதான் அவளுக்கு இந்தத் தொல்லை வந்தது. முதலில் உடம்பு திகுதிகுவென்று எரிந்து தூக்கம் கலையும். எரிச்சல் கொஞ்ச மாதத்தில் அடங்கிவிட்டது. தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. தான் எழுதிய பத்தையும் அவள் ஒழுங்காகச் செய்தாள். சாயாவை விட்டதில் தலைவலி வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை.

"எடீ, நீ எழுதினதை நீயே எடுத்துப் படியேன். நான் ரெண்டாவது வரியிலேயே உறங்கிட்டேன்" என்றார் பேபிச்சன்.

"இச்சாயா, நீங்க கட்டிலைப் பார்த்தாலே உறங்குற ஆளு. பசியில்லாதவன் கிட்ட விரதத்தைப் பத்திக் கேட்ட மாதிரி, உங்ககிட்ட எவன் கேட்டான்?"

ஆயுர்வேதச் சிகிச்சைக்கு உகந்த கர்க்கடக மாதம் வைத்தியசாலையில் போய் நெற்றியில் எண்ணெய்த் தாரை விட்டுக்கொண்டாள். தாரை விழும்போது பலகையிலேயே அருமையாக உறங்கினாள். வீட்டுக் கட்டிலுக்கு வந்ததும் பழைய கதை. வைத்தியர் அடுத்த கர்க்கடகத்தில் வரச் சொன்னார். டாக்டர் கொடுத்த மாத்திரை சில வாரம் கேட்டது. பிறகு அது பழகிப்போனது. நிறுத்தியபோது முன்னைவிட மோசமாக விழித்தாள். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் அனு, ஊருக்கு வந்த தோழியிடம் மிட்டாய் மாதிரி ஒரு தூக்க மருந்தும், உள்ளே மணிகள் வைத்துத் தைத்த கனமான போர்வை ஒன்றும் கொடுத்தனுப்பினாள். அங்கே எல்லாரும் அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறார்களாம். கோட்டயத்து மேட மாத வெயிலில் அதைப் போர்த்தியவள் வியர்வையில் ஊறிப்போனாள்.

"கல்லறைக் கல்லைத் தூக்கி மேல வெச்ச மாதிரி இருக்கு. உயிரோட இருக்கிறப்பவே ஒத்திகையா?" என்று பேபிச்சன் அதை மடித்துப் பரணில் போட்டார்.

தூங்காத கண் வேலையிலும் குழி பறித்தது. சர்க்கரை வியாதிக்காரர்கள் பற்றிய ஒரு கட்டுரையில், சாப்பிட்ட பிறகு போட வேண்டிய மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் என்று அச்சுக்கு விட்டுவிட்டாள். மறுநாள் திருத்தம் போட வேண்டியதாயிற்று. பத்திரிகையின் இணைப்புப் பக்கங்களுக்குப் பொறுப்பாளர் குரியாக்கோஸ் அவளைவிட வயதில் சின்னவர். திட்டக்கூட இல்லை. "சேச்சி, கொஞ்ச நாள் லீவு போட்டுப் பாருங்களேன்" என்று மட்டும் சொன்னார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து அறிவிப்பு வந்தது. மருந்தில்லாமல் தூக்கமின்மையைச் சரிசெய்யும் இரண்டு முறைகளை ஒப்பிட்டு ஆய்வு செய்யப்போகிறார்கள்; ஆட்கள் தேவை. பிரீதா என்ற மனநல மருத்துவர் நடத்துகிறார். லில்லிக்குட்டி அறிவிப்பைப் பக்கத்தின் அளவுக்கு வெட்டி அச்சுக்கு அனுப்பினாள். வாசகர்கள் கண்ணில் படும் முன்பே தான் ஃபோன் போட்டுப் பேரைக் கொடுத்துவிட்டாள்.

ஆய்வுக்கு ஆட்களைச் சேர்த்துக் கவனித்துக்கொண்டவள் ஹசீனா என்ற பெண். கேள்விகள் எல்லாம் கேட்டு முடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"யாருக்கு எந்த முறைன்னு குலுக்கல்ல முடிவாகும், சேச்சி. கம்ப்யூட்டர்தான் எடுக்கும். எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

"ரெண்டுல எது நல்லது?"

"அது தெரிஞ்சுட்டா எதுக்கு ஆய்வு?"

லில்லிக்குட்டி எடத்துவா தேவாலயத்துப் புண்ணியாளனுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். என்ன கிடைக்க வேண்டும் என்று வேண்டுவது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஹசீனா உறையைப் பிரித்து, அழகாக அச்சடித்த சின்னக் கையேடு ஒன்றைக் கொடுத்தாள். ஒவ்வொரு குறிப்பாக உட்கார்ந்து விளக்கவும் ஆரம்பித்தாள். மூன்றாவது குறிப்பில் லில்லிக்குட்டியின் முகம் மாறியது. கையேட்டை வெடுக்கென்று வாங்கிப் புரட்டினாள். 'அடுக்களை விளக்கை அணைக்கும்போதே அன்றைய கணக்குகளையும் அணைத்துவிடுங்கள்' என்று ஒரு வரி. அந்த வரிக்காக அவள் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

"மோளே, இது யார் எழுதினது?"

"எங்க குழு தயார் செஞ்சது, சேச்சி. டாக்டர் சரிபார்த்தாங்க."

"தயார் செஞ்சதா? இது நான் எழுதினது! வரிக்கு வரி நான் எழுதினது!"

ஹசீனாவுக்கு முகம் வெளிறியது. "பத்திரிகையில வந்ததிலேருந்து எடுத்தோம். எல்லாருக்கும் புரியற மாதிரி இருந்துச்சு. பேரைப் பார்க்கலை… மன்னிச்சிடுங்க."

"பேர் கிடக்கட்டும். இதை எழுதின கைக்கே உறக்கம் இல்லைன்னுதானே இங்க வந்தேன்? என் எழுத்தை எனக்கே மருந்துன்னு எடுத்துத் தர்றியே!"

"மத்த குழுவுக்கு என்ன கொடுக்கிறீங்க?" என்று அடுத்ததாகக் கேட்டாள். சொல்ல அனுமதியில்லை என்றாள் ஹசீனா.

சொல்லாவிட்டால் என்ன, படிக்கத் தெரியாதா? ஆபீசில் உட்கார்ந்து இணையத்தில் ஆய்வுக் கட்டுரைகளாகத் தேடி எடுத்தாள். அமெரிக்காவில், சீனாவில், ஸ்வீடனில் என்று எங்கெங்கோ நடந்த ஆய்வுகள். மனத்தையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றும் ஒரு சிகிச்சையைத்தான் பெரும்பாலும் சோதித்திருந்தார்கள். தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டியது அதுதான் என்று டாக்டர்கள் பலகாலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்தச் சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒப்பீட்டுக்காக எதிர்ப்பக்கத்தில் ஒரு குழுவை வைப்பார்களே, அந்தக் குழுவுக்குப் பல ஆய்வுகளில் கொடுத்தது என்ன தெரியுமா? சாயா குடிக்காதே, ஃபோன் பார்க்காதே, அறையை இருட்டாக வை. அவளுடைய பத்து வழிகள்! கெடுதல் செய்யாது, பெரிதாக நன்மையும் செய்யாது. ஓடுகிற குதிரையின் வேகத்தைக் காட்டப் பக்கத்தில் கட்டிவைத்த கழுதை. தீராத தூக்கமின்மைக்கு இந்தக் குறிப்புகளை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள் என்று வெளிநாட்டு மருத்துவர் சங்கம் ஒன்று எழுதியே வைத்திருந்தது. இத்தனை வருஷமாக அவள் அதை மட்டும்தான் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

நேரே டாக்டர் பிரீதாவிடம் போனாள். ஆய்விலிருந்து விலகப்போவதாகச் சொன்னாள்.

"தாராளமா விலகலாம். யாரும் காரணம்கூடக் கேட்க மாட்டாங்க" என்றார் பிரீதா. "ஆனா ஒண்ணு சொல்லவா, லில்லிச் சேச்சி? பலன் இல்லாதவங்க எல்லாரும் இப்படிக் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா, குழுவுல மிச்சம் யார் இருப்பாங்க?"

"பலன் கிடைச்சவங்க."

"அப்போ கணக்கு என்ன சொல்லும்?"

லில்லிக்குட்டிக்குப் பதில் தெரிந்தது. கையேடு பிரமாதமாக வேலை செய்தது என்று கணக்கு சொல்லும். தன் பத்து வழிகள் ஜெயித்துவிடக் கூடாதே என்பதற்காகவே அவள் ஆய்வில் தங்கினாள். தினமும் காலையில் எழுந்து, இரவு எத்தனை நேரம் விழித்திருந்தோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஆய்வு முடிந்ததும் கையேட்டுக் குழுவில் இருந்தவர்களுக்கு மற்ற சிகிச்சையையும் தருவதாக ஏற்பாடு இருந்தது. அது ஒன்றுதான் ஆறுதல்.

அந்த மாதங்களில் ஒரு நாள் ஆபீசுக்கு ஒரு ஃபோன் வந்தது. சேர்த்தலையிலிருந்து சுலோசனா என்று ஒரு வாசகி.

"நீங்க எழுதினது பத்தையும் செஞ்சுட்டேன், சேச்சி. மத்தியானம் கண்ணசர்றதைக்கூட விட்டுட்டேன். ஃபோனை அலமாரியில வெச்சுப் பூட்டிட்டேன். மத்தவங்களுக்கெல்லாம் சரியாகுது. எனக்கு மட்டும் ஆகலை. நான் எதையோ சரியாச் செய்யலை, இல்லையா?"

அந்தக் கேள்வியை லில்லிக்குட்டி தனக்குத் தானே எத்தனை தடவை கேட்டிருப்பாள்!

"தப்பு உங்க பேர்ல இல்லை, சுலோசனா. நான் எழுதினது போதாது."

"அப்ப எதுதான் போதும்?"

தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அந்தச் சிகிச்சையை யார் கொடுக்கிறார்கள் என்று சேர்த்தலைப் பக்கமும் ஆலப்புழைப் பக்கமும் விசாரித்தாள். மாத்திரை எழுத ஆள் இருந்தது. தாரை விட ஆள் இருந்தது. இதில் பயிற்சி பெற்றவர் யாரும் அகப்படவில்லை. கோட்டயத்துக்கே வரச் சொல்லி பிரீதாவின் நம்பரைக் கொடுத்தாள். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை விட்டுவிட்டு வாராவாரம் எப்படி வருவது என்றாள் சுலோசனா.

ஒருவழியாக அவள் முறை வந்தது. சிகிச்சை என்றதும் யாரோ ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவார்கள், மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவார்கள் என்று நினைத்துப் போனாள். பிரீதாவிடம் அதில் பயிற்சி பெற்றிருந்த ஹசீனா சொன்னதோ வேறு.

"நீங்க படுக்கையில கிடக்கிறது ரொம்ப நேரம். உறங்குறது கொஞ்ச நேரம். இனிமே உறங்குற அளவுக்குத்தான் படுக்கை. பன்னிரண்டு மணிக்கு முன்னால படுக்கக் கூடாது. எப்படி உறங்கினாலும் அஞ்சரைக்கு எழுந்துடணும். உறக்கம் வரலைன்னா எழுந்து வேற அறைக்குப் போயிடணும்."

"உறக்கம் இல்லாதவளை உறங்காதேன்னு சொல்றதா வைத்தியம்?"

"முதல் ரெண்டு மூணு வாரம் மோசமாத்தான் இருக்கும், சேச்சி. ஸ்கூட்டர் ஓட்டாதீங்க."

மோசம் என்றால் கொஞ்சநஞ்ச மோசமில்லை. பேபிச்சன் குறட்டை விடும் வீட்டில், வரவேற்பறை நாற்காலியில் கண்ணைப் பிடித்து இழுக்கிற தூக்கத்தோடு பன்னிரண்டு மணிக்காகக் காத்திருப்பது எவ்வளவு பெரிய கொடுமை! ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அச்சனின் பிரசங்கத்தின்போது முன்வரிசையில் தலை தொங்கிப்போய், பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள். புட்டுக்குத் தண்ணீர் வைக்க மறந்து வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். பேபிச்சனுக்கே பொறுக்கவில்லை.

"போதும்டீ இந்த ஆய்வு. எலியை வெச்சுப் பார்க்க வேண்டியதை உன்னை வெச்சுப் பார்க்கிறாங்க."

"எலிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, இச்சாயா. நான் போட்டிருக்கேன்."

பாதியில் விடாததற்குப் பிடிவாதம்தான் காரணம். நம்பிக்கை இருந்தது என்று சொன்னால் பொய். நாலாவது வாரம் என்னவோ நடந்தது. படுத்தவள் உடனே உறங்கிப்போனாள். மறுநாளும் அப்படியே. படுக்கை நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். சின்ன வயசுத் தூக்கம் திரும்பிவிடவில்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் இன்னமும் கண் திறந்துகொள்ளும். ஆனால் 'இன்றைக்கும் போச்சு, நாளைக்கும் போச்சு' என்ற பதைபதைப்பு விட்டுவிட்டது. மெய்ப்பில் எழுத்துகள் மிதக்காமல் நின்றன.

உடனே உட்கார்ந்து கட்டுரை எழுதினாள். இத்தனை வருஷம் நான் எழுதியது போதாது என்று தொடங்கி, எதற்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று பிட்டுப்பிட்டு வைத்தாள். தனக்குக் கேட்டது என்பதற்காக எல்லாருக்கும் கேட்கும் என்று எழுதக் கூடாது என்று பிரீதா கண்டித்துச் சொல்லியிருந்தார். அதையும் மதித்து எழுதினாள். குரியாக்கோஸ் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"காலையில பேப்பரைத் திறந்ததும் ஜனங்ககிட்ட, நீங்க செஞ்சதெல்லாம் வீண்னு சொல்லணுமா, சேச்சி?"

"வீண்னு எங்க சாரே எழுதியிருக்கேன்? மட்டும் போதாதுன்னுதானே எழுதியிருக்கேன்."

"அது அதைவிட மோசம். வீண்னாலாவது ஒரு தலைப்பு கிடைக்கும். போதாதுன்னா என்ன தலைப்பு வைக்கிறது? அதுவும் கால் பக்கத்துக்கு மெத்தை விளம்பரம் இருக்கு. படுக்கையில கிடக்காதேன்னு நாம மேல எழுதினா, கீழ அவன் என்ன விப்பான்?"

"சிகிச்சை கொடுக்க ஆள் இல்லைன்னு எழுதியிருக்கேனே, அதையாவது போடுங்க. அரசாங்கம் பார்க்கட்டும்."

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார் அவர்.

வியாழக்கிழமை நலவாழ்வுப் பக்கம் வந்தது. 'நிம்மதியான உறக்கத்துக்குப் பதினொரு வழிகள்.' அவள் பழைய பத்தும் அப்படியே இருந்தன. பதினொன்றாவதாக, 'படுக்கும் நேரத்தைக் குறைத்துப் பாருங்கள்' என்று ஒரே வரி. யார் மேற்பார்வையில், யாருக்கு, எத்தனை நாள் என்று ஒன்றும் இல்லை. கீழே லில்லிக்குட்டி பேபி என்று அவள் பெயர்.

காலையிலேயே பிரீதா ஃபோனில் பிடித்துக்கொண்டார்.

"லாரி ஓட்டுறவன் படிச்சுட்டு இன்னிக்கே குறைச்சான்னா என்ன ஆகும்? வலிப்பு நோய் இருக்கிறவங்க படிச்சா? நீங்க இருந்தும் இப்படி வரலாமா?"

"நான் எழுதினது இது இல்லை, டாக்டரே."

"உங்க பேர்தானே இருக்கு?"

லில்லிக்குட்டி குரியாக்கோஸின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவள் குரலை உயர்த்திப் பேசி அந்த ஆபீசில் யாரும் அதுவரை கேட்டதில்லை. அன்று லிஃப்ட்காரர் வரைக்கும் கேட்டது. திருத்தம் போடாவிட்டால் தன் செலவில் வேறு பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து மறுப்பேன் என்றாள். சனிக்கிழமை உள்பக்கத்தில், வாடகைக்கு வீடு விளம்பரங்களுக்கு மேலே, மூன்று வரித் திருத்தம் வந்தது. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் செய்யக் கூடாது என்றது அந்த மூன்று வரி. முழுக் கட்டுரை வரவே இல்லை. அடுத்த வருஷம் ஓய்வுபெறும் வரை அவள் உறக்கம் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அந்த விஷயத்தை ஒரு புதுப் பையன் பார்த்துக்கொண்டான்.

ஓய்வுபெற்ற பிறகு, பங்குக் கோவில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் ஹசீனாவை வரவழைத்து ஒரு குழு நடத்த ஏற்பாடு செய்தாள். முதல் வாரம் மண்டபம் நிறையப் பெண்கள். படுக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்றதும் இரண்டாம் வாரம் பாதிப் பேரைக் காணோம். "ஒரு மாத்திரையா எழுதித் தந்தா நல்லா இருக்கும்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். தங்கியவர்களில் சிலருக்குக் கேட்டது. சிலருக்குக் கேட்கவில்லை.

ஆய்வின் முடிவு வந்தபோது பிரீதா அவளைக் கூப்பிட்டனுப்பினார். சிகிச்சைக் குழு நன்றாகவே தேறியிருந்தது. லில்லிக்குட்டி அதை எதிர்பார்த்துத்தான் போனாள். எதிர்பார்க்காதது, கையேட்டுக் குழுவும் கொஞ்சம் தேறியிருந்தது.

"அப்போ நான் எழுதினதும் வேலை செஞ்சிருக்கா?"

"செஞ்சிருக்கலாம்" என்றார் பிரீதா. "இல்லைன்னா, காலம் போகப் போக அவங்க தானாவே சரியாகியிருக்கலாம். ஹசீனா வாராவாரம் கூப்பிட்டு அன்பா விசாரிச்சாளே, அதுவாகவும் இருக்கலாம்."

"எதுன்னு எப்படித் தெரியும்?"

"எதுவுமே கொடுக்காத மூணாவது குழு ஒண்ணு இருந்தா தெரிஞ்சிருக்கும்."

"ஏன் வைக்கலை?"

"நிதி கிடைக்கலை, சேச்சி."

இவ்வளவு கஷ்டப்பட்டுத் தன் எழுத்தின் மேல் முழுசாகக் கோபப்படக்கூட வழியில்லாமல் போய்விட்டதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. எழுந்து வெளியே வந்தாள். மழை பிடித்திருந்தது. ஹசீனா குடையோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள்.

"மூணு குழு வெச்சுப் புது ஆய்வுக்கு விண்ணப்பம் போட்டிருக்கோம், சேச்சி."

"எப்போ வரும்?"

"தெரியாது. போன தடவை பணம் வர ரொம்ப வருஷம் ஆச்சு."

"அதுவரைக்கும் ஜனங்க என்ன செய்யணும்? முழிச்சுக்கிட்டே இருக்கணுமா?"

ஹசீனா குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். அந்தப் பெண்ணிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று லில்லிக்குட்டி அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். வீட்டுப் பக்கம் போகும் புதுப்பள்ளி பஸ் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வந்து நின்றது. கூட்டம். நின்றுகொண்டே போனாள்.